தாளாளர் படத்தில் கேள்வித்தாள்

ஆகஸ்ட் 5, திங்கள்

இது கல்லூரி கொடுத்த லாக் புக். இடப்பக்கம் தேதி, பீரியட், நடத்திய பாடம், வராதவர் எண்ணிக்கை. வலப்பக்கம் ‘குறிப்புகள்’ என்று அச்சடித்துக் காலியாக விட்டிருக்கிறார்கள். என் நாட்குறிப்பு இனி அங்கேதான்.

தகவல் பாதுகாப்பு நடத்துகிறவள் நாட்குறிப்பை இப்படி மேசைமேல் போட்டு வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துறைத் தலைவர் முனைவர் நல்லசிவம் இதில் பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறார். போன மாதம் சோதித்துப் பார்த்தேன். ‘இதைப் படித்தால் காபி வாங்கித் தருகிறேன்’ என்று எழுதி வைத்தேன். அதன் அடியிலேயே கையெழுத்து விழுந்தது. காபிச் செலவு மிச்சம்.

மிக்ஸி ஜார் ஒழுகுகிறது. இன்றும் கடையில் வாங்கிய சட்னிதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தாளாளர் பிறந்தநாள். வாழ்த்துப் படத்தைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஆசிரியர், மாணவர், பேருந்து ஓட்டுநர் வரை எல்லோரும் இறக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை. பத்து மணிக்குள் வைக்காதவர் பெயரை முதல்வர் அலுவலகத்தில் குறித்துக்கொள்வார்களாம். ஆக, இன்று இந்த வளாகத்தில் நாலாயிரம் செல்போனில் ஒரே முகம்.

படத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயது. நேரில் எழுபத்தொன்று. சுருக்கம், கண்பை, கழுத்துத் தொங்கல் எதுவுமே தெரியவில்லை. தகவல் மறைப்பில் இந்தக் கல்லூரி சாதித்தது இது ஒன்றுதான். அதைச் செய்தவனுக்குத்தான் முனைவர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

நானும் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நல்லசிவத்தின் ‘கண்டுபிடிப்பு’ இன்று அரங்கேறியது. கேள்வித்தாளை ஒரு படத்துக்குள் மறைத்து அனுப்பும் மென்பொருள். எழுதியது நான். போன வருடம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மேடையில் என் பெயர் நன்றியுரையில்கூட வரவில்லை. அது பழகிவிட்டது. வயிறு எரிந்தது வேறொன்றுக்காக.

நான் எழுதியபோது ஒவ்வொரு முறையும் புதிய படம், ஒரு முறை பயன்படுத்தினால் மூலப்படத்தை அழித்துவிட வேண்டும், கடவுச்சொல் தனி. இந்த மேதை அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். இனி எல்லாத் தாளும் தாளாளரின் பிறந்தநாள் படத்துக்குள்தான். கேள்வித்தாளில் எங்கெல்லாம் எழுத்தின் மை விழுகிறதோ, படத்தில் அந்தந்த இடத்து நிறத்தில் ஒரு துளியளவு கூட்டப்படும். கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மென்பொருள் மூலப்படத்தைக் கழித்தால் தாள் வந்துவிடும். மூலப்படம்தான் சாவி. அந்தச் சாவி நாலாயிரம் பேரிடம் இருக்கிறது.

அவர் அறையில் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

“ஏனுங் மேடம், தாளாளர் மூஞ்சியப் போயி எவனாச்சும் உத்துப் பாப்பானுங்களா? அதுதானுங்க நம்ம செக்யூரிட்டி.”

இணையதளத்திலேயே ‘இன்றைய சிந்தனை’ என்ற பெயரில் முந்தின நாள் மாலை ஐந்தரைக்குப் படத்தை ஏற்றுவாராம். எல்லார் கண் முன்னாலும் இருக்கும், யாருக்கும் தெரியாதாம். காலை ஏழு மணிக்கு ஆய்வகப் பணியாளர் பாவாயி அதை இறக்கி, ஆய்வகக் கணினியில் திறந்து, அச்சடித்து உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். விழாவில் தாளாளர் எழுந்து நின்று கை தட்டினார். தன் முகத்தை இன்னும் இருநூறு முறை இணையதளத்தில் போடப்போகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

கோவை பஸ். மூன்றரை மணி நேரம். நறுமுகை உயரமாகிக்கொண்டே போகிறாள். ஆறு வருடமாக என் மகளைச் சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரைதான் பார்க்கிறேன். கோவையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு முடிந்தது. எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் 16 அன்று அசல் சான்றிதழ்களோடு சேர வேண்டும்.

அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலக பீரோவில் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த அன்று ‘சரிபார்க்க’ வாங்கினார்கள். பதினொரு வருடமாகச் சரிபார்க்கிறார்கள். ஆசிரியர் ஓடிப்போகாமல் இருக்க எங்கள் ஊர்ப்பக்கம் கண்டுபிடித்த வழி. என் வீட்டுக்காரர் கேட்டார், “எழுதிக் கொடுத்துட்டியா?” கொடுத்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்றாம் பீரியட், இறுதியாண்டு. பாடம்: மறைத்த தகவலைக் கண்டுபிடிப்பது எப்படி.

இரண்டு படம் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பதுதான் முதல் வழி. பயிற்சிக்கு எல்லோரிடமும் பொதுவாக ஒரு படம் வேண்டும். தாளாளர் படத்தைத் தவிர வேறு எது இருக்கிறது? அதில் ‘வணக்கம்’ என்று மறைத்துக் கொடுத்து, கண்டுபிடித்து நோட்டில் எழுதி வரச் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லசிவத்தின் மேல் இருந்த கடுப்பில்தான் அந்தப் படத்தை எடுத்தேன்.

ஐம்பத்தெட்டு பேர். ஐம்பத்தேழு பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் காதில் எதையோ செருகிக்கொண்டு உட்காரும் பெண் மட்டும் ஏதோ எழுதினாள். கோலமாக இருக்கும். பெயர் நினைவில்லை. பதினொரு வருடத்தில் என் வகுப்பை எவரும் கவனித்ததாக எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கையெழுத்து விழுந்தது. இடப்பக்கத்தில் ‘பயிற்சி: தாளாளர் படத்தைக் கழித்தல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அதற்கு நேர் கீழே பச்சை மை.

ஒரு வாரமாக ‘இன்றைய சிந்தனை’ சோதனை ஓட்டம் நடக்கிறது. தினமும் அதே முகம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மிக்ஸி கடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ஜார் அடியில் வாஷர் போய்விட்டதாம், பிளேடும் மழுங்கிவிட்டதாம். கொண்டுபோன நோட்டுகள் ஐம்பத்தெட்டையும் அங்கேயே உட்கார்ந்து திருத்தி முடித்தேன். எல்லாம் ஒரே ஆளைப் பார்த்து எழுதியவை. டிக், டிக், டிக். ஒன்றில் மட்டும் நாலு பக்கம் இருந்தது. அவ்வளவு எழுதியிருக்கிறதே என்று ‘நன்று’ என்றும் போட்டு மூடினேன். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சான்றிதழ் பற்றிக் கேட்டேன். மாடல் தேர்வு முடியட்டும் என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

மாடல் தேர்வு தொடக்கம். இறுதியாண்டு கணக்குத் தேர்வு. மூன்று மணி நேரத் தாளை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பிள்ளைகள் வெளியே வந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். சிறப்பு வகுப்பின் பலன் என்று நல்லசிவம் துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செப்டம்பர் 4, புதன்

வெடித்துவிட்டது. காலை எட்டு மணிக்கு விடுதிக் காப்பாளர் ஒரு மாணவனின் போனைப் பிடுங்கியிருக்கிறார். அதில் இன்றைய கேள்வித்தாள். முந்தின இரவு ஒன்பது மணிக்கே வகுப்புக் குழுவில் சுற்றியிருக்கிறது. முதலில் யார் போட்டது என்று ஒருவனும் வாயைத் திறக்கவில்லை.

துறைக் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பார்த்தேன். மத்தியானம் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஆளுக்கொரு ரோஜாவும் பிளாஸ்டிக் பேனாவும்.

மதியம் பாவாயியை முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மென்பொருள் இருப்பது அவள் கணினியில் மட்டும். படம் ஏறுவது ஐந்தரைக்கு, அவள் வீட்டுக்குப் போவது ஆறரைக்கு. எனவே அவள்தான். இந்தக் கணக்கைப் போட்டவர் நல்லசிவம். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம், விசாரணை முடிந்து போலீசுக்குப் போவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் மகள் இதே நிர்வாகத்தின் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஊழியர் பிள்ளை என்பதால் கிடைத்த இடம். அம்மாவுக்கு வேலை போனால் அந்த இடமும் போகும். அதுவும் பரீட்சை வருடத்தில்.

ஆய்வகத்தில் அவளைப் பார்த்தேன். நாற்காலிகளை வழக்கம்போல மேசைக்குள் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“நீங்க வெவரமானவீங்க மேடம். அது வேற எப்புடியாச்சும் வெளிய போயிருக்குமான்னு நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொன்னா போதுமுங்க.”

பார்க்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

நல்லசிவம் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. ‘இந்த மென்பொருளை வெளியிலிருந்து உடைக்க இயலாது என்று தொழில்நுட்ப வல்லுநராகச் சான்றளிக்கிறேன்.’ கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். பன்னிரண்டாம் தேதி விசாரணையில் அதைக் கொடுத்தால், பதின்மூன்றாம் தேதி என் சான்றிதழ்களும் பணிவிடுப்புக் கடிதமும் கைக்கு வந்துவிடுமாம்.

“பதினாறாந்தேதி கோயமுத்தூர்ல சேரோணுமில்லீங்க? எல்லா நல்லபடியா முடிஞ்சிருமுங்க” என்றார். என் விஷயம் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நன்றியுரையில் வராத என் பெயர் இப்போது மட்டும் நிறுத்தற்குறிகூடத் தவறாமல் அச்சாகியிருக்கிறது. தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. கிழித்தும் போடவில்லை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கோவை போகவில்லை. பஸ் கூட்டம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பதினோரு மணிக்கு வாசலில் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் நின்றாள். கையில் நோட்டு. முகம் வெளுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நான் கொடுத்த பயிற்சியைச் செய்தாளாம். ‘வணக்கம்’ வந்துவிட்டது. ஆசை விடாமல் ‘இன்றைய சிந்தனை’ படத்தையும் கழித்துப் பார்த்திருக்கிறாள். ‘சோதனை ஓட்டம் 3’ என்று வந்ததாம். தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கழித்தபோது கணக்குத் தாள் வந்தது. தோழி ஒருத்திக்குக் காட்டினாள். தோழி வகுப்புக்குக் காட்டிவிட்டாள்.

முதல் சந்தேகம் வந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் நோட்டைத் திறந்து நீட்டினாள்.

“எழுதிக் குடுத்தேனுங்க மேம். தப்பா இருந்தா சொல்லுங்கன்னு கேட்டும் எழுதியிருந்தேன். நீங்க நன்றுன்னு போட்டுருந்தீங்க. சரி, காலேஜுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருந்தாள்: ‘மேம், நம்ம இணையதளப் படத்திலும் இப்படி ஏதோ இருக்கிறது. இதில் நாளைக்குக் கேள்வித்தாள் வைத்தால் யாரும் எடுத்துவிடலாம். இது தெரிந்துதான் செய்கிறார்களா?’ அதன் குறுக்கே என் சிவப்பு டிக். முனை மழுங்கிய பேனா, கோடு தடிமனாக விழுந்திருக்கிறது.

பதினொரு வருடத்தில் ஒருத்தி கவனித்திருக்கிறாள். கவனித்ததை எழுதியும் கொடுத்திருக்கிறாள். நான் மிக்ஸி கடையில் உட்கார்ந்து நல்லசிவம் வேலை பார்த்திருக்கிறேன். மைதான் வேறு.

கேட்க வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் பெயரைக் கேட்டேன். சொன்னாள். இவ்வளவு நாள் தெரியாததால் எழுதவில்லை. இனி தெரிந்தும் எழுதமாட்டேன். நோட்டை வீட்டிலேயே வை, யாரிடமும் பேசாதே, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன். இரண்டு கொழுக்கட்டை கொடுத்தேன். மாவு வேகவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை கறுப்பில் வெள்ளை எழுத்தைப் பார்த்த நொடியே எனக்குத் தெரியும். பாவாயி அச்சடித்திருந்தால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. மென்பொருள் இல்லாமல் கழித்துப் பார்த்தால்தான் இப்படி வரும். தலைவலி வந்தது நிஜம். மாத்திரை போட்டதும் நிஜம்.

செப்டம்பர் 9, திங்கள்

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த லாக் புக்கை விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிடுவது. ஆகஸ்ட் 20 பக்கத்தில் பாடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, தாளாளர் படம் என்று இருக்கிறது, நல்லசிவத்தின் கையெழுத்தும் இருக்கிறது. வலப்பக்கத்தில் மிச்சம் எல்லாம் இருக்கிறது. என்னைப் பற்றியும்தான். படிக்கட்டும். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

‘சாட்சியமாகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒரு சீட்டை மேலே ஒட்டிவிட்டேன். முதல்வர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். எந்தப் பக்கம் என்று சீட்டில் எழுதவில்லை.



செப்டம்பர் 11, புதன்

புத்தகம் திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்திலிருந்து திங்கட்கிழமைப் பக்கம் வரை ‘பார்வையிடப்பட்டது’ என்று ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்புக்குள் முதல்வரின் சுருக்கொப்பம். பக்கத்தில் பச்சை மை. ‘நல்லசிவம் வேலை பார்த்திருக்கிறேன்’ என்ற வரியின் மேலேயே ஸ்டாம்பு குத்தியிருக்கிறார்கள்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு வரவில்லை. இவர்கள் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆகஸ்ட் ஐந்தாம் தேதியே எழுதி வைத்திருக்கிறேனே. தெரிந்துதான் கொடுத்தேன். சொல்லிவிட்டேன் என்று மனதுக்கு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு, சொல்லாமலும் இருந்துவிட ஒரு வழி. தகவல் மறைப்பில் நான் நல்லசிவத்தைவிடக் கெட்டிக்காரிதான். தூ.

மகள் போனில் கேட்டாள், “அம்மா, திங்கக்கெழமையிலருந்து டெய்லி நம்ம வீட்லயேதான் இருப்பியா?” நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

புத்தகம் அவர்களிடம். இதை எழுதுவது நான் கையெழுத்துப் போடாத அந்தச் சான்றுத் தாளின் பின்பக்கத்தில்.

நடந்தது இது. முதல்வர் அறை. தாளாளர், முதல்வர், நல்லசிவம். சுவரோரமாகப் பாவாயி நின்றாள். அவளுக்கு நாற்காலி இல்லை. நல்லசிவம் கையை நீட்டி, சான்றைக் கொடுங்க என்றார். முதலில் ஒன்று காட்ட வேண்டும் என்றேன்.

முதல்வரின் கணினியிலேயே செய்தேன். அவர் ஸ்டேட்டஸுக்காக இறக்கி வைத்த பிறந்தநாள் படம் அதில் இருந்தது. இணையதளத்திலிருந்து, இன்றைய தேர்வுக்காக நேற்று மாலை ஏற்றிய ‘சிந்தனை’யை இறக்கினேன். சாதாரணப் படச் செயலியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வெளிச்சத்தைக் கூட்டினேன். தாளாளரின் முகம் போய்த் திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் வெள்ளையாக வந்தது: ‘பகுதி அ. அனைத்து வினாக்களுக்கும் விடையளி.’ மொத்தம் ஒன்றரை நிமிடம்.

நல்லசிவம்தான் முதலில் சுதாரித்தார். அப்படியானால் வெளியே விட்டது நீங்கள்தானா என்றார்.

லாக் புக்கைத் திறந்து ஆகஸ்ட் 20-ஐச் சத்தமாகப் படித்தேன். அடியில் அவர் கையெழுத்தைக் காட்டினேன். பிறகு 27-ஐயும் படித்தேன். மிக்ஸி கடை, டிக், டிக், டிக். இந்தப் படம் பாதுகாப்பில்லை என்று ஒரு நோட்டில் எழுதியே வந்தது, நான் படிக்காமல் ‘நன்று’ போட்டேன் என்று சொன்னேன்.

யாருடைய நோட்டு என்று முதல்வர் கேட்டார்.

“ஐம்பத்தெட்டு பேருக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன். பேரு எழுதணும்னா என் பேர எழுதிக்குங்க” என்றேன்.

தாளாளர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். ஆகஸ்ட் 9-இல் விரல் நின்றது. பதினொரு ஆண்டில் என் லாக் புக்கைப் படித்த முதல் மனிதர். மூடி, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே பாவாயி என் கையைப் பிடித்தாள். அவள் ஆய்வகத்தில் கேட்ட அன்றே எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள்

அதே தாளில் மிச்சம் இருக்கும் இடத்தில்.

பணிநீக்க ஆணை வந்தது. கேள்வித்தாள் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. குற்றச்சாட்டு: தாளாளரின் புகைப்படத்தை வகுப்பில் அவமரியாதையாகப் பயன்படுத்தியது, பதிவேட்டில் அவர் வயதைக் குறிப்பிட்டது. கோவைக்காரர்கள் மூன்று வரி அனுப்பியிருந்தார்கள். பணிவிடுப்புக் கடிதம் இல்லாமல் எடுக்கமுடியாதாம். நல்லசிவம் அப்படியேதான் இருக்கிறார். இனி பாதுகாப்பு இரட்டிப்பு என்று சொல்லியிருக்கிறார். தாளாளர் படத்துக்குப் பதிலாகத் தாளாளரின் துணைவியார் படம். அவருக்கும் பிறந்தநாள் வரும்.

பாவாயி வேலைக்கு வந்துவிட்டாள். மன்னிப்பு ஏதும் கேட்கவில்லையாம். சம்பளம் வெட்டாமல் விட்டதே பெரிது என்கிறாள். மகள் பள்ளிக்குப் போகிறாள். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் எல்லோரையும் போல மறுதேர்வு எழுதுகிறாள்.

அலுவலகத்தில் என் சான்றிதழ்களை ஒரு பழுப்புக் கவரில் போட்டு நீட்டினார்கள். வேலையை விட்டுத் துரத்தினால்தான் இந்தக் கவர் கிடைக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஆறு வருடம் மிச்சமாகியிருக்கும். ‘அனைத்தும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் எழுத்தர் விரலை வைத்து, போடுங்க மேடம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

நான் கவரைப் பிரித்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, முன்பக்கம், பின்பக்கம், பெயர், தேதி, பதிவெண் எல்லாம் படிக்க ஆரம்பித்தேன். எழுத்தர் இரண்டு முறை மணியைப் பார்த்தார். பாவாயி ஆய்வகத்திலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து எனக்குப் போட்டாள். அதில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.